குழந்தை எழுத்தாளரின் தொடக்கப்பள்ளி வருகை: அரங்கேற்ற மரபும் வாசிப்புத் தூண்டலும்

ஆய்வுச்சுருக்கம்

சிறார் நூல்களை எழுதுவோர் தொடக்கப்பள்ளிகளுக்குச் சென்று மாணவரைச் சந்திக்கும் வழக்கம் தமிழகத்தில் உள்ளது. மாணவரிடம் வாசிப்பு ஆர்வத்தைத் தூண்டுதல் அதன் நோக்கமாகச் சொல்லப்படுகிறது. எனினும் இச்சந்திப்புகளுள் பல, பாராட்டு விழாவின் வடிவிலேயே நடந்து முடிகின்றன. எழுத்தாளரின் வருகை தமிழ்க் குழந்தைக்கு எதைத் தரவல்லது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. பேச்சுத் தமிழ் மட்டுமே அறிந்து பள்ளிக்கு வரும் குழந்தை, எழுத்துத் தமிழை உயிருள்ள ஒரு குரலில் கேட்கும் வாய்ப்பே இவ்வருகையின் தனிப்பயன் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அரங்கேற்றம் என்னும் பழைய மரபும், இரட்டை வழக்கு என்னும் மொழியியல் கருத்தும் இதற்கு அடிப்படைகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: சிறார் இலக்கியம், தொடக்கப்பள்ளி, அரங்கேற்றம், இரட்டை வழக்கு, உரக்க வாசித்தல், வாசிப்பு இயக்கம்.

முன்னுரை

தமிழகத் தொடக்கப்பள்ளிகளுக்கு எழுத்தாளர்கள் வருவதற்குச் சில காலங்கள் வாய்ப்பாக அமைகின்றன. ஆன்டர்சனின் பிறந்தநாளான ஏப்ரல் 2, 1967 முதல் உலகச் சிறார் நூல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஏப்ரல் 23, யுனெஸ்கோ 1995இல் அறிவித்த உலகப் புத்தக நாள் ஆகும். ஆனால் நம் பள்ளிகளில் ஏப்ரல் என்பது ஆண்டுத் தேர்வும் கோடை விடுமுறையும் நெருங்கும் மாதம். எனவே குழந்தைகள் நாளும் தேசிய நூலக வாரமும் ஒன்றாகத் தொடங்கும் நவம்பர் 14ஐ ஒட்டிய நாட்களே இதற்குப் பொருந்துவனவாக உள்ளன. உலக நாட்காட்டியைவிடப் பள்ளி நாட்காட்டியே நம் குழந்தைகள் எழுத்தாளரைக் காணும் நாளை முடிவு செய்கிறது.

பள்ளிக் கல்வித்துறை 2023இல் முன்னெடுத்த வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகளில் மெல்லிய கதைநூல்களை மாணவர் கைகளில் சேர்த்தது. நான்கு, ஐந்தாம் வகுப்பு மாணவருக்கென ‘ஊஞ்சல்’ என்னும் இதழும் அரசால் வெளியிடப்படுகிறது. தமிழ்நாடு சிறார் எழுத்தாளர் கலைஞர்கள் சங்கமும் இக்காலத்தில் தோன்றியதே. இத்தகைய முயற்சிகளால் நூலும் எழுத்தாளரும் அரசுத் தொடக்கப்பள்ளியை நெருங்கி வந்துள்ளனர். இந்த நெருக்கம் வகுப்பறைக்குள் எவ்வாறு பொருள்படுகிறது என்பது தனியே நோக்கத்தக்கது.

சிறப்பு விருந்தினர் என்னும் வடிவம்

பள்ளிக்கு வரும் எழுத்தாளரை நாம் ஏற்கெனவே அறிந்த ஒரு வடிவத்துக்குள் பொருத்திவிடுகிறோம். அதன் பெயர் சிறப்பு விருந்தினர். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, தலைமையாசிரியர் உரை, அதன்பின் விருந்தினர் உரை, நினைவுப்பரிசு, நன்றியுரை, நாட்டுப்பண் என்னும் வரிசை மாறுவதில்லை. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள அனைவரும் தரையில் வரிசையாக அமர்த்தப்படுவர். எழுத்தாளர் நாற்காலியில் அமர்ந்திருப்பார். அவர் எழுதிய நூல் ஒன்றேனும் அவ்விடத்தில் உள்ளதா என்பது அந்நிகழ்வின் வெற்றிக்கு இன்றியமையாததாகக் கருதப்படுவதில்லை.

இவ்வடிவம் எழுத்தாளரின் பேச்சையும் மாற்றிவிடுகிறது என்பது கவனிக்கத்தக்கது. ஒலிபெருக்கியும் மேடையும் கிடைத்தவுடன் கதை சொல்பவர் அறிவுரை சொல்பவர் ஆகிவிடுகிறார். நன்றாகப் படிக்க வேண்டும், கைப்பேசியைத் தொடக்கூடாது, பெற்றோர் சொல் கேட்க வேண்டும் என்பன போன்ற கருத்துகளை எந்த விருந்தினரும் சொல்லலாம். வட்டாரக் கல்வி அலுவலரும் சொல்லலாம், ஊராட்சித் தலைவரும் சொல்லலாம். எழுத்தாளர் மட்டுமே செய்யக்கூடிய செயல் ஒன்று உண்டு. தாம் எழுதியதைத் தம் குரலில் வாசித்து, அதை எப்படி எழுதினேன் என்று சொல்லுதலே அது. அதற்கு இவ்வடிவத்தில் நேரம் எஞ்சுவதில்லை.

இங்கு இடைப்பிறவரலாக ஒன்று கூறலாம். ஒரு பொன்னாடையின் விலைக்குச் சில மெல்லிய சிறார் நூல்களை வாங்கிவிட முடியும். விருந்தோம்பலைக் குறை கூறுவது நோக்கமன்று; துணி எழுத்தாளர் வீட்டுக்குப் போகும், நூல் பள்ளியில் இருக்கும் என்பதே வேறுபாடு.

அரங்கேற்றம்: வேறொரு மரபு

எழுத்தாளர் தம் நூலோடு ஓர் அவையின்முன் நிற்பதற்குத் தமிழில் மிகப் பழைய வடிவம் ஒன்று உள்ளது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து அதங்கோட்டாசானுக்கு முன் அரங்கேற்றப்பட்டதைப் பனம்பாரனாரின் பாயிரம் கூறுகிறது. அதங்கோட்டாசான் குற்றம் கண்டு வினவ, தொல்காப்பியர் விடை கூறினார் என்னும் செய்தியை நச்சினார்க்கினியர் உரையால் அறிகிறோம். இதனை வரலாற்று நிகழ்வாகக் கொள்வதா, உரைமரபுக் கதையாகக் கொள்வதா என்பது இங்கு வினாவன்று. அரங்கேற்றம் என்றால் ஆசிரியன் வாசிப்பான், அவை கேட்கும், தடை எழுப்பும், ஆசிரியன் விடை சொல்வான் என்னும் எதிர்பார்ப்பு தமிழ் மனத்தில் இருந்துள்ளது என்பதே இக்கட்டுரைக்கு வேண்டுவது.

நன்னூல் சிறப்புப்பாயிரத்துக்குரிய செய்திகளாக எட்டினைக் கூறுகிறது. ஆக்கியோன் பெயர் அவற்றுள் முதலாவதாக நிற்கிறது. கேட்போர் என்பதும் அவ்வெட்டனுள் ஒன்று. நூலைப் படிப்போர் என்னாமல் கேட்போர் என்றமை, நூல் குரல்வழிப் பரவிய காலத்தின் தடயம் எனலாம். காலம், களம், காரணம் என்னும் மூன்றினைச் சேர்த்துப் பதினொன்றாகக் கூறுவோரும் உளர் என்கிறது அந்நூல். இவற்றுள் களம் என்பது நூல் அரங்கேறிய அவைக்களத்தைக் குறிக்கும். ஒரு நூலைப் பற்றிச் சொல்லும்போது அதை இயற்றியவர் யார், யார் கேட்டனர், எங்கே கேட்டனர் என்பனவும் நூலோடு சேர்த்தே எண்ணப்பட்டுள்ளன.

தொடக்கப்பள்ளி மாணவருக்கு ஆக்கியோன் பெயர் பெரும்பாலும் மறைந்தே இருக்கிறது. அழ. வள்ளியப்பாவை (1922–1989) இதற்குச் சான்றாகக் கூறலாம். புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள இராயவரத்தில் பிறந்து, இந்தியன் வங்கியில் பணியாற்றிக்கொண்டே குழந்தைகளுக்காக எழுதியவர் அவர். குழந்தை எழுத்தாளர் சங்கம் 1950இல் உருவானதில் அவருடைய பங்கு முதன்மையானது. அவருடைய பாடல்களை மழலையர் வகுப்பிலேயே மனப்பாடமாகப் பாடும் குழந்தைகள் ஏராளம். அவற்றை ஒருவர் உட்கார்ந்து எழுதினார் என்று எண்ணும் குழந்தைகள் அரியர். நாட்டார் பாடலைப் போல ஆக்கியோன் பெயர் இன்றிப் பரவுவது ஒரு கவிஞருக்குப் பெருமையே. ஆனால் வாசிக்கத் தொடங்கும் குழந்தைக்கு அதனால் ஓர் இழப்பும் உண்டு. நூல் என்பது காற்றும் மழையும்போல் எங்கிருந்தோ வருவது என்று அது எண்ணிக்கொள்கிறது. ஒரு மனிதர் எழுதியது என்று தெரிந்தால்தான், நானும் எழுதலாம் என்னும் எண்ணம் பிறக்க இடமுண்டு.

எழுத்தாளரின் பள்ளி வருகையைப் பாராட்டு விழாவாகக் கொள்ளாமல் அரங்கேற்றமாகக் கொண்டால், அவை யார் என்பது மாறிவிடுகிறது. தரையில் அமர்ந்திருக்கும் ஏழு வயதுக் குழந்தை அதங்கோட்டாசானின் இடத்துக்கு வந்துவிடுகிறது. கேட்டுக்கொண்டிருப்பது மட்டும் அதன் கடமையன்று; தடை எழுப்புவது அதன் உரிமை.

இரட்டை வழக்கும் எழுத்தாளரின் குரலும்

ஒரு மொழியின் இரு வழக்குகள், ஒன்று எழுத்துக்கும் மேடைக்கும் மற்றொன்று வீட்டுக்கும் தெருவுக்குமாகப் பிரிந்து நிற்கும் நிலையைச் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரையில் இரட்டை வழக்கு என விளக்கினார். அரபு, நவீன கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், எய்திக் கிரியோல் ஆகிய நான்கும் அவர் எடுத்துக்கொண்ட முதன்மைச் சான்றுகள். அக்கருத்தைத் தமிழுக்கு விரிவாகப் பொருத்தி ஆராய்ந்த பிரான்சிஸ் பிரிட்டோவின் நூல் 1986இல் வெளிவந்தது. ஃபெர்குசன் சுட்டிய பண்புகளுள் ஒன்று கல்விக்கு நேரே தொடர்புடையது. உயர்வழக்கு எவருக்கும் தாய்மொழியாக வாய்ப்பதில்லை. அது பள்ளியில் கற்கப்படுவது.

இதன் விளைவைத் தொடக்க வகுப்பில் எளிதாகக் காணலாம். வீட்டில் கதை கேட்டு வளர்ந்த குழந்தைக்கும் அக்கதை பேச்சுத் தமிழில்தான் வந்திருக்கும். பாட்டி கதையில் நரி ‘சொல்லுச்சு’. பாடநூலில் அதே நரி ‘என்றது’ என்றோ ‘கூறியது’ என்றோ வருகிறது. ‘ரொம்ப’ என்பது ‘மிகவும்’ ஆகிறது. ‘போயிட்டாங்க’ என்பது ‘போய்விட்டார்கள்’ ஆகிறது. கதையோட்டத்தைத் தாங்கி நிற்கும் ‘என்று’ என்னும் இடைச்சொல்லையே எடுத்துக்கொள்வோம். பேச்சில் அது ‘ன்னு’ என ஓரசையாகச் சுருங்கி முன்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அச்சில் அது தனிச்சொல்லாக நின்று, எங்கே பேச்சு முடிகிறது, எங்கே கதைசொல்லியின் குரல் தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டும். இப்பிரிவினைக் கண்ணால் மட்டும் கண்டு உணர்வது ஏழு வயதில் எளிதன்று.

எழுத்துக்கூட்டி வாசித்தல் இச்சிக்கலை மேலும் வளர்க்கிறது. தமிழ் வரிவடிவம் வல்லின எழுத்துகளின் ஒலிவேறுபாட்டைக் காட்டுவதில்லை. கல், பகல், தங்கம் ஆகிய மூன்று சொற்களிலும் ஒரே ககரம் மூன்று வகையாக ஒலிக்கிறது. சொல்லை முன்பே அறிந்த குழந்தை ஒலியைச் சரியாகப் பொருத்திக்கொள்ளும். அறியாத எழுத்துவழக்குச் சொல்லாயின் தடுமாறும். அதனோடு ‘போய்க்கொண்டிருந்தபோது’ போன்ற நீண்ட சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டி முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துபோகும். இவ்வாறு வாசிக்கும் குழந்தைக்குத் தான் வாசித்தது ஒரு கதை என்பதே புலப்படாமல் போகலாம். வாசிப்பில் ஆர்வமில்லை என்று நாம் சொல்வதன் பின்னே பல வேளைகளில் இருப்பது ஆர்வமின்மையன்று. அந்த வழக்கு செவிக்கு அறிமுகமாகாமை என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

எழுத்தாளர் வகுப்பறைக்குள் வந்து குழந்தைகளோடு முதலில் பேசுகிறார். எந்த ஊர், என்ன சாப்பிட்டீர்கள், வீட்டில் ஆடு இருக்கிறதா என்னும் பேச்சு இயல்பாகவே பேச்சுத் தமிழில் நிகழ்கிறது. பிறகு நூலைத் திறந்து வாசிக்கிறார். அதே முகம், அதே குரல், ஆனால் வேறு வழக்கு. ‘என்றது நரி’ என்னும் தொடரில் நரியின் பேச்சை ஒரு குரலிலும் ‘என்றது’ என்பதைத் தாழ்ந்த வேறொரு குரலிலும் அவர் வாசிக்கும்போது, அச்சிலுள்ள மேற்கோள் குறி குழந்தைக்கு ஒலியாகக் கேட்கிறது. நீண்ட சொல்லை எங்கே பிரித்து மூச்சுவிடுவது என்பதும் தெரிகிறது. வாசிப்பை நிறுத்திவிட்டு, ‘அடுத்து என்ன நடந்திருக்கும்னு நெனக்கிறீங்க?’ என்று கேட்கும்போது அவர் மீண்டும் பேச்சுத் தமிழுக்குத் திரும்புகிறார். இருவழக்குக்கும் இடையே ஒருவர் தடையின்றிப் போய்வருவதைக் குழந்தை கண்முன் காண்கிறது. எழுத்துத் தமிழ் என்பது தேர்வுத்தாளுக்கும் அறிவிப்புப் பலகைக்கும் உரியது என்னும் எண்ணம் அங்கே சற்றே தளர்கிறது.

இதனை ஆசிரியர் செய்யலாகாதா என வினவலாம். செய்யலாம், நாள்தோறும் செய்தால் எழுத்தாளரின் ஒருநாள் வருகையைவிட அது பன்மடங்கு பயன்தரும். ஆயினும் வகுப்பறை வாசிப்பின் முடிவில் வினாவிடை காத்திருக்கிறது என்பதைக் குழந்தை அறியும். எழுத்தாளர் வாசித்தபின் தேர்வு இல்லை. மேலும், ‘இந்த இடத்தில் ஏன் இப்படி எழுதினீர்கள்?’ என்ற வினாவை எழுதியவரிடம் மட்டுமே கேட்க முடியும்.

வட்டார வழக்கும் இங்குக் கருதத்தக்கது. திருநெல்வேலிப் பேச்சுடைய எழுத்தாளர் வேலூர்ப் பகுதிப் பள்ளிக்குச் சென்றால் குழந்தைகள் முதலில் சிரிப்பார்கள். அச்சிரிப்பை அடக்க முயலும் ஆசிரியரும் உண்டு, அடக்க வேண்டியதில்லை. அவர் பேச்சும் நம் பேச்சும் வேறு, நூலிலுள்ளது இருவருக்கும் பொது என்பது எந்த விளக்கமும் இன்றி அப்போதுதான் விளங்கும். கிருஷ்ணகிரி எல்லைப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுத் தமிழ்வழி வகுப்புக்கு வரும் குழந்தைகளுக்கும், நீலகிரியின் பழங்குடிக் குழந்தைகளுக்கும் நிலைமை வேறு. அவர்களுக்குத் தமிழின் இரு வழக்குகளும் வீட்டுக்கு வெளியே உள்ளவை. அங்குச் செல்லும் எழுத்தாளர் வாசிப்பதற்கு முன் கேட்பவராக இருத்தல் நன்று. அக்குழந்தைகளின் மொழியில் ஒரு கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டபின் தம் கதையை வாசித்தால், இரண்டு மொழிகளும் ஒரே தரையில் அமரும்.

அடித்தெழுதிய தாள்

எழுத்தாளர் தம்மோடு கொண்டுவரத்தக்க பொருள்களுள் சிறந்தது அச்சான நூலன்று, அதன் கையெழுத்துப் படி என்பேன். அடித்தும் திருத்தியும் ஓரத்தில் அம்புக்குறியிட்டும் எழுதிய ஒரு தாள் போதும். கணினியிலேயே எழுதுபவராயின் முதல் வரைவையும் இறுதி வடிவத்தையும் அச்சிட்டு அருகருகே காட்டலாம்.

நம் தொடக்க வகுப்புகளில் எழுதுதல் என்பது பெரும்பாலும் பார்த்தெழுதுதல். அடித்தல் திருத்தல் இன்றி எழுதுவதே நல்ல மாணவருக்கு அடையாளம். கையெழுத்துக்கெனத் தனி ஏடு உண்டு, சிந்தித்து மாற்றி எழுதுவதற்கென ஏடு இல்லை. இச்சூழலில் வளரும் குழந்தை, எழுதத் தெரிந்தவர் முதல்முறையிலேயே பிழையின்றி எழுதுவார் என்று நம்புகிறது. தன்னால் அது முடியாதபோது தனக்கு எழுத வராது என்று முடிவுகட்டுகிறது. நூல் எழுதிய ஒருவரே ஒரு பத்தியை நான்குமுறை மாற்றியிருக்கிறார், கதையிலிருந்து ஒரு யானையையே நீக்கியிருக்கிறார் என்று காணும்போது அந்த முடிவு அசைகிறது. யானையை ஏன் நீக்கினீர்கள் என்று யாரேனும் ஒரு குழந்தை சினந்து கேட்கும். அரங்கேற்றத்தில் எழும் தடை என்பது அதுவே.

கேள்விகளும் அவற்றின் பொருளும்

குழந்தைகள் எழுத்தாளரிடம் கேட்கும் கேள்விகளை விளையாட்டாகக் கருதிக் கடந்துவிடுவது வழக்கம். இது உண்மையிலேயே நடந்ததா? இந்தப் படத்தையும் நீங்கள்தான் வரைந்தீர்களா? ஒரு புத்தகம் எழுத எத்தனை நாள் ஆகும்? எவ்வளவு பணம் கிடைக்கும்? முதல் வினா புனைவு என்பதன் இலக்கணத்தைக் கேட்கிறது. இரண்டாவது நூலாக்கத்தில் பலர் பங்குகொள்வதைக் கண்டுபிடிக்கும் முயற்சி. பணம் பற்றிய வினா எழுந்தவுடன் ஆசிரியர்கள் சங்கடப்பட்டுத் தடுப்பதுண்டு. தந்தை கட்டட வேலைக்கும் தாய் நூறுநாள் வேலைக்கும் செல்லும் வீட்டிலிருந்து வரும் குழந்தைக்கு, எழுதுதல் ஒரு வேலையா, அதற்குக் கூலி உண்டா என்பது நேர்மையான வினா. அதற்கு நேர்மையான விடையே தரப்பட வேண்டும். தமிழில் சிறார் நூல் எழுதி மட்டும் வாழ்பவர் அரியர் என்பதையும், வள்ளியப்பா வங்கிக்குச் சென்றுகொண்டே எழுதினார் என்பதையும் சொல்வதால் எழுத்தின் மதிப்புக் குறைந்துவிடாது.

நூற்றுக்கணக்கானோர் அமர்ந்த கூட்டத்தில் இத்தகைய வினாக்கள் எழுவதில்லை. முன்பே எழுதிக்கொடுத்த வினாவை வகுப்புத் தலைவர் எழுந்து ஒப்பிப்பார். இவ்வகையில் ஈராசிரியர் பள்ளிகளுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. முப்பது, நாற்பது குழந்தைகள் மட்டுமே பயிலும் அப்பள்ளிகளில் அனைவரும் எழுத்தாளரைச் சுற்றி வட்டமாக அமர முடியும். பெருவிழா நடத்த இயலாத பள்ளிகளே நல்ல சந்திப்புக்கு ஏற்றவையாக உள்ளன.

குழந்தை தன்னைப் பற்றிப் பேசத் தொடங்கினால்

இன்றைய தமிழ்ச் சிறார் இலக்கியம் நரியும் காக்கையும் மட்டும் நிறைந்ததன்று. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ குழந்தைகள்மீதான பாலியல் அத்துமீறலைப் பொருளாகக் கொண்டது. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதைப் பெற்றது. இத்தகைய நூல் ஒன்றைப் பற்றி எழுத்தாளர் பேசிய பின், ஒரு குழந்தை தனியே வந்து தனக்கு நேர்ந்ததைச் சொல்லக்கூடும். வேற்றூரிலிருந்து வந்து மாலையில் திரும்பிவிடும் ஒருவரிடம் சொல்வது சில குழந்தைகளுக்கு எளிதாக இருக்கும்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் எனக் கட்டாயமாக்குகிறது. எழுத்தாளரும் அதற்கு விலக்கல்லர். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவர் குழந்தைக்கு வாக்களிக்கக்கூடாது. 1098 என்னும் சிறார் உதவி எண்ணை அவரும் பள்ளியும் முன்பே அறிந்திருக்க வேண்டும். குழந்தையின் அடையாளம் வெளிப்படும்படி அந்நிகழ்வை முகநூலிலோ இதழிலோ எழுதுதல் தகாது. ஊடகத்தில் அடையாளத்தை வெளியிடுவதை அச்சட்டமே தடைசெய்கிறது. எழுத்தாளர் வருகை குறித்த திட்டமிடலில் தேநீருக்கும் நாற்காலிக்கும் அளிக்கும் கவனத்தில் ஒரு பகுதியை இதற்கும் அளித்தல் வேண்டும்.

வருகைக்கு முன்னும் பின்னும்

ஜெர்மனியில் எழுத்தாளர்களைப் பள்ளிகளுக்கு அழைத்துச்சென்று வாசிக்கச் செய்யும் பணியைப் பிரீட்ரிக் பேடெக்கர் வட்டம் என்னும் அமைப்பு 1954 முதல் செய்துவருகிறது. அங்கே அது உரை எனப்படுவதில்லை, வாசிப்பு என்றே வழங்கப்படுகிறது. பிரித்தானியாவில் 2012ஆம் ஆண்டளவில் வட வேல்சிலுள்ள ஒரு தொடக்கப்பள்ளியில் தோன்றிய திட்டமொன்று, ஓர் எழுத்தாளரை ஒரு பள்ளியின் வாசிப்புப் புரவலராக ஆக்கியது. அவர் ஒருநாள் வந்து செல்பவர் அல்லர். ஆண்டுக்கணக்கில் அப்பள்ளியோடு மடல்வழியும் நேரிலும் தொடர்பில் இருப்பவர். புரவலர் என்றால் பொருள் கொடுப்பவர் என்பது நம் வழக்கு. இங்கே புலவரே புரவலர் ஆகிவிடுவது சங்கப் பாடல்களைப் படித்தவர்க்குச் சிறிது நகையைத் தரலாம்.

இவ்விரு நாட்டு ஏற்பாடுகளையும் அப்படியே நம் பள்ளிகளுக்குப் பெயர்க்க இயலாது. எழுத்தாளருக்கான மதிப்பூதியமும் பயணச்செலவும் யார் தருவது என்பதிலேயே நம் முயற்சிகள் நின்றுவிடும். எனினும் ஒரு வட்டாரத்திலுள்ள எழுத்தாளர் அவ்வட்டாரப் பள்ளி ஒன்றோடு ஓராண்டு உறவு கொள்வதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அவர் புகழ்பெற்றவராக இருக்க வேண்டுமென்பதும் இல்லை. ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் வாழும் ஒருவர் நூல் எழுதியிருக்கிறார் என்பதே குழந்தைக்குப் பெரிய செய்தி.

முன்னேற்பாட்டில் இன்றியமையாதது ஒன்றே: வருவதற்கு முன் குழந்தைகள் அவருடைய ஒரு கதையையேனும் கேட்டிருக்க வேண்டும். கதையை அறியாத குழந்தைக்கு எழுத்தாளர் வெறும் விருந்தினர். அறிந்த குழந்தைக்கு அவர் வழக்காடத்தக்கவர். கதை முடிவு பிடிக்கவில்லை என்று சொல்வதற்காகவே ஒரு குழந்தை அந்த நாளை எதிர்பார்த்திருக்கும்.

பின்னேற்பாடு நூல்களைப் பற்றியது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 தன் அட்டவணையில் ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும் என்றும், அதில் கதைநூல்களும் இடம்பெற வேண்டும் என்றும் கூறுகிறது. நூலகம் இருக்கிறது, அது தலைமையாசிரியர் அறையின் இரும்பு அலமாரியில் பூட்டப்பட்டிருப்பதும் உண்டு. நூல் கிழிந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பொறுப்பு என்னும் அச்சமே அந்தப் பூட்டு. வகுப்பறையில் கயிறு கட்டி நூல்களைத் தொங்கவிடும் புத்தகப் பூங்கொத்து முறை இதற்கு மாற்றாக வந்தது. எழுத்தாளர் விடைபெற்ற மறுநாள், அவர் வாசித்த நூல் அக்கயிற்றில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தால் விரிந்த நூலக அமைப்பில் ஊர்ப்புற நூலகங்களும் உள்ளன. அங்கு உறுப்பினராவதற்கான படிவத்தை அந்த வாரத்திலேயே பெற்றோர் கூட்டத்தில் வழங்கலாம்.

குழந்தைகள் எழுத்தாளருக்கு எழுதும் மடல் ஐம்பது பைசா அஞ்சலட்டையில் அடங்கும். பேச்சுத் தமிழில் தொடங்கி எழுத்துத் தமிழில் முடியும் அம்மடல்களை ஆசிரியர் திருத்தாமல் அனுப்புதல் நன்று. பதில் வரும் நாளில் அதனை வகுப்பில் உரக்க வாசிக்கும் பணி ஆசிரியருக்குரியதன்று. யானையை ஏன் நீக்கினீர்கள் என்று கேட்ட குழந்தைக்கே உரியது.